ஆற்றங்கரைப் பழைய நகரங்களின் மையப்பகுதி மீள முதலில் செய்ய வேண்டியது என்ன?

கேள்வி: நகரியல் மாணவர்

அனைவருக்கும் வணக்கம். படகுப் போக்குவரத்தால் செழித்து, ரயிலும் நெடுஞ்சாலையும் வந்த பின் வணிகத்தை இழந்து, இறுதியில் குடியிருப்போரையும் புறநகர்களுக்குப் பறிகொடுத்த ஆற்றங்கரை நகரங்களைப் பற்றிப் படித்து வருகிறேன். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது எட்டரை லட்சத்துக்கும் மேலாக இருந்த மக்கள்தொகை, 2020இல் மூன்று லட்சத்தைச் சற்றே தாண்டியதாகச் சுருங்கிவிட்டது. இத்தகைய நகரங்களின் மையப்பகுதியை மீட்பதற்காக எழுதப்படும் திட்ட அறிக்கைகளைப் புரட்டினால், பெரிய அருங்காட்சியகமோ விளையாட்டு அரங்கமோ மாநாட்டு மண்டபமோ முதல் பக்கத்திலேயே இடம்பிடித்து விடுகிறது. வீடுகளும் நடைபாதைகளும் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்படுகின்றன. இந்த வரிசை சரிதானா? ஒரே ஒரு கட்டடம் நகரின் தலையெழுத்தையே மாற்றியதற்குச் சான்றாக ஸ்பெயினின் பில்பாவோவை எல்லோரும் காட்டுகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கரைவழி

நகரத் திட்டமிடல் என் துறை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். அந்த வரிசை தலைகீழானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை, அதற்கான சான்று நீங்கள் குறிப்பிட்ட செயிண்ட் லூயிஸிலேயே இருக்கிறது.

அங்கே மிசிசிப்பி ஆற்றின் கரையில் சுமார் 40 தெருக்கட்டங்களில் நின்றிருந்த பழைய கிடங்குகளும் வணிகக் கட்டடங்களும், ஒரு தேசிய நினைவுச்சின்னம் அமைப்பதற்காக 1939 முதல் 1942 வரையிலான ஆண்டுகளில் இடித்து அகற்றப்பட்டன. அந்தச் சின்னமாக, கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் வடிவமைத்த 192 மீட்டர் உயர வளைவு 1965இல்தான் எழுந்து முடிந்தது. இடைப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், நகரம் பிறந்த அந்த நிலத்தின் பெரும்பகுதி வாகன நிறுத்தமாகக் கிடந்தது. வளைவு உலகறிந்த அழகுடையது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதற்கும் நகருக்கும் நடுவே பள்ளத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓடியது. பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் வண்டிகள் விரையும் சாலைகள் இருந்தன. வளைவைப் பார்க்க வந்தவர் அந்த இரைச்சலைக் கடந்து ஊருக்குள் நடந்து வரக் காரணம் எதுவும் இல்லாததால், வந்த வழியே வண்டியேறித் திரும்பினார். நெடுஞ்சாலையின் மேல் ஒரு பூங்காத் தளம் அமைத்து வளைவையும் நகரையும் இணைத்த திட்டம் 2018இல்தான் முழுமை பெற்றது. வளைவு எழுந்து அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது.

இதனுடன் டென்னசி ஆற்றங்கரையில் உள்ள சாட்டனூகாவை ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலேயே காற்று மிகவும் மாசடைந்த நகரம் என்று 1969இல் பெயரெடுத்த ஊர் அது. 1984இல் அங்கே பொதுமக்களை வரிசையாகக் கூட்டங்களுக்கு அழைத்து, நகர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1891இல் கட்டப்பட்டு, பழுதடைந்ததால் 1978இல் வாகனங்களுக்கு மூடப்பட்ட வால்நட் தெருப் பாலத்தை இடிப்பதா காப்பதா என்ற வாதத்தில் காப்பவர்கள் வென்றார்கள். 700 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள அந்த இரும்புப் பாலத்துக்கு மரப்பலகைத் தளம் இட்டு, 1993இல் நடப்பவர்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டே தென்கரையில் ஒரு பெரிய மீன் காட்சியகம் திறக்கப்பட்டிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய கட்டடமே கூடாது என்பது என் வாதமாகாது. காட்சியகத்துக்கு வருபவர் பாலத்தில் ஏறி வடகரைக்கு நடந்து போக முடிந்ததால், அவருடைய நேரமும் பணமும் ஒரே வாசலில் தங்கிவிடாமல் இரு கரைகளிலும் உள்ள சிறு கடைகளுக்குப் பரவின. நடைவழியை முதலில் உறுதி செய்துவிட்டு, எந்தப் பெரிய கட்டடத்தையும் அந்த வழியின் மேல் அமைக்க வேண்டும்.

பதில்: பழங்கட்டடப் பொறியாளர்

கரைவழி சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் நடைவழி மட்டும் போதாது. மாலை ஆறு மணிக்குப் பிறகும் அந்த வழியில் நடக்க அங்கேயே வசிப்பவர்கள் வேண்டும். அலுவலகங்களை மட்டுமே நம்பிய மையப்பகுதிகள் இப்போது படும் பாடு கண்ணெதிரே இருக்கிறது.

செயிண்ட் லூயிஸிலேயே இதற்கு இரண்டு பாடங்கள் உள்ளன. வாஷிங்டன் அவென்யூவில் காலணி, ஆடை வணிகத்துக்காகக் கட்டப்பட்ட கிடங்குகள் பல ஆண்டுகள் காலியாகக் கிடந்தன. பதிவு பெற்ற பழங்கட்டடத்தை முறையாகப் புதுப்பித்து வருவாய் ஈட்டும் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தால், செலவில் 20 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ள அமெரிக்க மத்திய அரசு இடமளிக்கிறது. மிசோரி மாநிலம் 1998இல் தன் பங்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. கணக்கு கட்டுப்படியானதும் கிடங்குகள் ஒவ்வொன்றாக வீடுகளாயின. இடிக்காமல் விட்டுவைத்திருந்ததால்தான் இது நடந்தது. ஆற்றங்கரையில் அகற்றப்பட்ட அந்த 40 தெருக்கட்டங்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவே இல்லை.

இரண்டாவது பாடம் 1986இல் கட்டப்பட்ட 44 மாடி அலுவலகக் கோபுரம். அதை நிறைத்திருந்த நிறுவனம் 2017இல் வெளியேறியதும் அது முற்றிலும் காலியானது. 2006இல் சுமார் 20.5 கோடி டாலருக்குக் கைமாறிய அந்தக் கட்டடம் 2024இல் சுமார் 36 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இத்தகைய கோபுரத்தை ஏன் எளிதில் வீடுகளாக மாற்ற முடியவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். பழைய கிடங்கில் உயரமான கூரையும் அகன்ற சன்னல்களும் இருக்கும். மின்விளக்கு பரவலாவதற்கு முன்பு எழுந்த கட்டடங்கள் பகல் வெளிச்சத்தை நம்பியே கட்டப்பட்டவை. பிற்காலக் கோபுரத்திலோ ஒரு தளத்தின் நடுப்பகுதி சன்னலிலிருந்து வெகுதூரம் உள்ளே போய்விடும், கண்ணாடிகள் திறக்காது, கழிவறைகளும் குழாய்களும் மின்தூக்கிகளை ஒட்டி ஒரே இடத்தில் குவிந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் சமையலறையும் குளியலறையும் தர வேண்டுமானால் தளம்தோறும் கான்கிரீட்டைத் துளைத்துப் புதிய குழாய்களை இறக்க வேண்டும், படுக்கையறைக்கு வெளிச்சம் தேடி அலைய வேண்டும். எனவே புதிதாகக் கட்டுபவர்கள், இன்று அலுவலகமாக இருப்பது நாளை வீடாக மாறக்கூடும் என்பதை முதல் வரைபடத்திலேயே எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதில்: நெர்வியோன்

பில்பாவோ பற்றி மட்டும் ஒரு திருத்தம். ஃபிராங்க் கெரி வடிவமைத்த குகன்ஹைம் அருங்காட்சியகம் 1997இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, தொழிற்சாலைக் கழிவால் கறுத்துப்போன நெர்வியோன் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பெருந்திட்டம் நடைமுறையில் இருந்தது. பயன்படாமல் போன துறைமுக, ரயில்வே நிலங்களை ஒருங்கிணைத்து மேம்படுத்த அரசுகள் இணைந்து 1992இல் ஒரு பொது நிறுவனத்தைத் தொடங்கின. மெட்ரோ ரயில் 1995இல் ஓடத் தொடங்கியது. கட்டடத்தின் ஒளிப்படத்தைப் பார்த்து அதை நகல் எடுக்க முயன்ற நகரங்கள், படத்தில் தெரியாத கழிவுநீர்க் குழாய்களையும் நில நிர்வாகத்தையும் நகல் எடுக்கவில்லை.

பதில்: வாடகைதாரர் குரல்

இதுவரை வந்த பதில்கள் நகரம் யாருக்காக மீள்கிறது என்பதைத் தொடவில்லை. ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டியின் ஓவர்-தி-ரைன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் கட்டிய செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கும் பகுதி அது. அவர்கள் வெளியேறி, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் வருவாய் குறைந்த கறுப்பின மக்கள். 2003இல் தொடங்கப்பட்ட ஒரு தனியார் இலாப நோக்கற்ற மேம்பாட்டு நிறுவனம் காலிக் கட்டடங்களை வாங்கிப் புதுப்பித்தது; வாஷிங்டன் பூங்கா 2012இல் புதுக்கோலத்தில் திறக்கப்பட்டது. இன்று அங்கே உணவகங்களும் கடைகளும் நிறைந்திருக்கின்றன, கட்டடங்களும் காப்பாற்றப்பட்டன. ஆனால் வறுமைக் காலம் முழுவதும் அங்கே தாக்குப்பிடித்தவர்களில் பலரால், வளமான காலம் வந்தபோது வாடகை கொடுக்க முடியவில்லை.

சியோலிலும் இதே கதைதான். சியோங்கேசியோன் ஓடையை மூடியிருந்த உயர்மட்டச் சாலையை அகற்றி, 5.8 கிலோமீட்டருக்கு நீரோட்டத்தைத் திறந்துவிட்டது 2005இன் பெரிய சாதனை. ஆனால் அந்தச் சாலையின் நிழலில் பிழைத்த சிறு வணிகர்களும் நடைபாதை வியாபாரிகளும் வேறிடம் பெயர நேர்ந்தது.

நிலத்தின் விலை ஏறுவதற்கு முன்பே இதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமான கரையோர நிலத்தை விற்றுவிடாமல் நீண்டகாலக் குத்தகைக்கு விடலாம். புதிய குடியிருப்புகளில் ஒரு பங்கை எளிய வாடகைக்கு ஒதுக்கும்படி ஒப்பந்தத்திலேயே எழுதலாம். விலை ஏறிய பிறகு அதே நிலத்தைத் திரும்ப வாங்க எந்த நகராட்சியின் நிதிநிலையும் இடம் கொடுக்காது. இதைப் பின்னிணைப்பில் போடுகிற எந்தத் திட்டத்தையும் என்னால் ஏற்க முடியாது.

கேள்வியாளர்: நகரியல் மாணவர்

மிகவும் பயனுள்ள விளக்கங்கள், நன்றி. ஒரு துணைக்கேள்வி: மக்களை ஆற்றருகே கொண்டுவரும்போது வெள்ள அபாயமும் கூடுகிறதே, அதை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில்: கரைவழி

டெக்சாஸின் சான் அன்டோனியோ இதற்கு நல்ல பாடம். 1921 செப்டம்பரில் வந்த வெள்ளத்தில் ஐம்பது பேரளவில் இறந்ததும், மேல்பகுதியில் ஓர் அணை கட்டினார்கள்; நகர மையத்தில் ஆறு வளைந்து செல்லும் இடத்தில், வெள்ளம் வளைவுக்குள் நுழையாமல் நேரே கடந்துபோக ஒரு குறுக்கு வாய்க்கால் வெட்டினார்கள். வளைவின் இரு முனைகளிலும் மதகுகள் இருப்பதால், உள்ளே நீர்மட்டம் கட்டுப்பாட்டில் நிற்கிறது. அந்தப் பாதுகாப்பு வந்த பிறகுதான், கட்டடக் கலைஞர் ராபர்ட் ஹக்மனின் திட்டப்படி 1939 முதல் 1941 வரை தெருமட்டத்துக்குக் கீழே நீரை ஒட்டிய நடைபாதைகளும் படிக்கட்டுகளும் அமைந்தன. நடைபாதையில் உணவகங்கள் நிறைந்தது 1968 உலகக் கண்காட்சிக் காலத்தையொட்டித்தான்.

எல்லா ஆற்றையும் இப்படி மதகுகளால் அடக்கிவிட முடியாது. பெரிய ஆறுகளின் கரையில், வெள்ளம் ஏறி இறங்கினாலும் கழுவிவிட்டு மறுவாரமே திறக்கக்கூடிய பூங்காவும் திடலுமே முதல் வரிசையில் இருக்க வேண்டும். வீடுகள் அதற்குப் பின்னால் மேடான தெருக்களில் எழ வேண்டும். பழைய கிடங்குகளைக் குடியிருப்பாக்கும்போது மின் பலகைகளையும் மின்தூக்கி இயந்திரங்களையும் அடித்தளத்திலிருந்து மேல்தளத்துக்கு மாற்றச் செய்வது உரிமம் வழங்கும்போதே கட்டாயமாக்கப்பட வேண்டும்.