சிட்னி குடும்பக் குழு: சனிக்கிழமை ஜார்விஸ் பே

செந்தில்: படகு வீட்டுக்கு வந்தாச்சு! ஐந்து மீட்டர் அலுமினியம், டிரெய்லரும் சேர்த்து. சனிக்கிழமை விடியற்காலையிலேயே ஜார்விஸ் பே கிளம்பிடலாம். [படம்]

வித்யா: சூப்பர் அண்ணா!! டென்ட், ஐஸ் பெட்டி, நாற்காலி எல்லாம் படகின் பின்பக்கம் போட்டுடலாம். காரில் இடம் மிச்சம்.

முரளி சித்தப்பா: படத்தில் படகுதான் தெரிகிறது. டிரெய்லர் சக்கரத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்புப்பா.

செந்தில்: [படம்] டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருக்கு சித்தப்பா.

முரளி சித்தப்பா: ஓடினால்தானே தேயும். பக்கவாட்டில் 1114 என்று இருக்கிறதே, 2014-ல் 11-வது வாரம் செய்த டயர். சுற்றிலும் பொடி வெடிப்பு வேறு. வெயிலில் நின்றே வீணாப்போனது. இரண்டையும் மாற்று. ஸ்டெப்னி எங்கே?

செந்தில்: அது தரலையே...

லதா சித்தி: இவரிடம் ஏன்டா போட்டோ அனுப்பினாய் 😂

முரளி சித்தப்பா: வித்யா, பின்பக்கம் எதையும் வைக்காதே. மோட்டாரும் பெட்ரோல் டேங்கும் ஏற்கெனவே அங்கேதான். வால் கனத்தால் டிரெய்லர் ஆட ஆரம்பிக்கும், காரையும் சேர்த்து இழுக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு டோ பாலில், அதாவது காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டையில், உட்கார வேண்டும். உங்களுக்கு நூறு, நூற்றிருபது கிலோ வரும்.

வித்யா: அதை எப்படிப் பார்ப்பது?

முரளி சித்தப்பா: பாத்ரூம் தராசு 150 வரை காட்டுமே. தராசின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, டோ பாலைக் கவ்வும் கப்ளிங்கை அதன்மேல் இறக்கு. டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும்.

செந்தில்: மீறி ஆடினால்? பிரேக் போட்டால் நின்றுவிடாதா?

முரளி சித்தப்பா: போட்டால்தான் டிரெய்லர் கார் பக்கமாக மடங்கும்! ஆக்சிலேட்டரை மெதுவாக விடு, ஸ்டியரிங்கை நேரே பிடி, வெட்டாதே. வொலங்காங்குக்கு முன்னால் மவுண்ட் ஊஸ்லி இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். மேலேயே கியரைக் குறைத்துவிடு. 750 கிலோவுக்கு மேல் என்பதால் டிரெய்லருக்கும் பிரேக் இருக்கணும். அது பிடிக்கிறதா என்று தெருவிலேயே பார்.

நவீன்: அண்ணா, இறக்கம் முடிந்ததும் நான் ஓட்டட்டுமா?

முரளி சித்தப்பா: உன்னை மாதிரி புது லைசென்ஸ்காரர்களின் சிவப்பு பி பலகைக்கு 250 கிலோ வரைதான் இழுக்கலாம், அதுவும் டிரெய்லரின் காலி எடை. சும்மா உட்கார்.

நவீன்: சரிப்பா 😐

முரளி சித்தப்பா: செந்தில், ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்று. கரகரக்கிறதா? மேலும் கீழும் பிடித்து ஆட்டு.

செந்தில்: இடது பக்கம் லேசாக ஆடுது. சக்கரத்தின் நடு மூடியைக் கழற்றினேன். [படம்] கிரீஸ் ஏன் வெள்ளையாக இருக்கு?

முரளி சித்தப்பா: உப்புத் தண்ணீர் போயிருக்கு. நெடுந்தூரம் ஓடிய சூட்டோடு கடலில் இறக்கினால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். அப்புறம் துரு. ஹைவேயில் பேரிங் பிடித்துக்கொண்டால் சக்கரமே கழன்று போகலாம். இறக்குமிடத்தில் கொஞ்ச நேரம் ஆறவிடணும். ஆனால் இந்தப் பேரிங்கோடு வேண்டாம்.

வித்யா: அப்போ சனிக்கிழமை?

செந்தில்: படகு வீட்டில். நாம் மட்டும் போகலாம், கரையிலிருந்து தூண்டில் போடலாம்.

லதா சித்தி: நான் மீன் குழம்புக்குப் புளி ஊறவைக்கலாமா, மீனைக் கடையில் வாங்கணுமா என்று யாராவது சொல்லுங்கள்.

முரளி சித்தப்பா: கடையில். செந்தில், ஞாயிற்றுக்கிழமை பேரிங் செட்டோடு வருகிறேன். சேப்டி செயினையும் எடுத்து வை, அதை மாட்டும் ஷேக்கிள் வளையத்தில் தாங்கும் எடை பொறித்திருக்கா பார்க்கணும்.