மூன்று இரவாக முகம் செய்கிறேன், வழி சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே, திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். ‘எல்டன் ரிங்’ என்ற வீடியோ விளையாட்டை வாங்கி மூன்று இரவுகள் ஆகின்றன. இன்னும் ஓர் எதிரியைக்கூட வெட்டவில்லை. ஆட்டத்தில் என் பாத்திரத்துக்கு முகம் செய்துகொண்டே இருக்கிறேன். நேற்று பாதியில் மின்வெட்டு வேறு.

வாளேந்திய வீராங்கனைக்கு என் அம்மம்மாவின் முகத்தை வைக்க ஆசை. அகன்ற மூக்கு, ஒட்டிய கன்னம், கடற்கரை வெயிலில் கறுத்த நிறம். மூக்கு ஒருவாறு சரிவந்துவிட்டது. நிறம்தான் வதைக்கிறது. உருவாக்கும் திரையில் செம்மை கலந்த கருமையாகத் தெரிவது, வெளியே வந்ததும் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. உடனே அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன்.

தம்பி சிரிக்கிறான். “தலைக்கவசம் போட்டால் முகம் யாருக்குத் தெரியப்போகிறது? கேமராவும் முதுகுப் பக்கம்தானே” என்கிறான். அவன் ஆயத்த முகம் ஒன்றைத் தேர்ந்து இரண்டு நிமிடத்தில் போருக்குப் போனவன். பேச்சு நியாயம்தான், எனக்குத்தான் மனம் கேட்கவில்லை.

ஆட்டத்தில் பிறகு வரும் வட்டமேசை மண்டபத்துக் கண்ணாடியில் தோற்றத்தை மாற்றலாம் என்பது தெரியும். அதுவரை சாம்பல் அம்மம்மாவுடன் ஓட என்னால் ஆகாது.

கறுத்த நிறம் வெயிலிலும் உயிரோடு தெரிய, சிவப்பு, பச்சை, நீல அளவுகளை எப்படி வைக்கிறீர்கள்? எண்களோடு சொன்னால் புண்ணியம். நீங்கள் உங்கள் முகத்தையே செய்கிறீர்களா, வேறு யாராகவோ மாறுகிறீர்களா என்பதையும் எழுதுங்கள். தம்பியிடம் காட்ட வேண்டும்.