பிகாம் சிஏ மொத வருசம்: கம்ப்யூட்டர் பேப்பர்ல எதப் பாத்து மார்க் போடுதாவ?

முக்கூடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டைல ஒரு காலேஜ்ல பிகாம் சிஏ (கம்ப்யூட்டர் அப்ளிகேசன்) மொத வருசம் படிக்கேன். பிளஸ் டூல காமர்ஸ் குரூப்தான், ஆனா எங்க பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் பாடமே கெடையாது, தமிழ் மீடியம் வேற. இங்க வந்தா மொத செமஸ்டர்லயே பிசினஸ் கம்ப்யூட்டிங்னு ஒரு பேப்பர், வேர்டு, எக்ஸெல், பவர்பாயிண்ட், கடைசில கணக்கு எழுதுற டேலி சாஃப்ட்வேர் கொஞ்சம். சீனியர் அக்காமாரு எல்லாம் அது சும்மா ஊதித் தள்ளிரலாம்ட்டின்னு சொன்னாவ.

இப்ப பிரச்சன என்னன்னா, சம்பளப் பட்டியல் ஒண்ணு எக்ஸெல்ல போட்டுட்டு வரச் சொன்னாவ, பேசிக், டிஏ (அகவிலைப்படி), ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி), பிடித்தம், கையில வாறது எவ்வளவுன்னு. நான் பார்டர் எல்லாம் போட்டு, தலைப்புக்கு கலர் குடுத்து, ஒவ்வொரு தொகையும் கால்குலேட்டர்ல ரெண்டு மட்டம் சரிபாத்து, பிரிண்ட்டும் எடுத்து, ஃபைலையும் குடுத்தேன். ஒரு தொக கூட தப்பு இல்ல. 10க்கு 4 போட்டுருக்காவ. என் பக்கத்துல இருக்க பிள்ள பார்டர் கூட போடல, அவளுக்கு 9. கேட்டதுக்கு மிஸ், "நீ டைப் அடிச்சிருக்க, அவ கணக்குப் போட்டுருக்கா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. விடை சரியா இருக்கும்போது எப்பிடி மார்க் கொறையும்? இன்டெர்னல் 25ல இதுவும் சேரும்ங்கதுனால கேக்கேன். வீட்ல சிஸ்டம் கெடையாது, போன்தான், சாயங்காலம் பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸுக்கு இருட்டிரும், அதனால லேப்ல நிக்கவும் முடியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தச்சை மாப்ள:

இதெல்லாம் ஒரு விசயமா மக்கா. ரெக்கார்டு நோட்ட அழகா எழுது, ஸ்கேல் வச்சு மார்ஜின் போடு, அட்டெண்டன்ஸ் 75க்கு மேல வச்சுக்கோ, மிஸ் கண்ணுல படுற மாதிரி முன் பெஞ்சுல உக்காரு. எங்க காலேஜ்ல சிஸ்டத்தையே ஆன் பண்ணாதவனுக்கு 25க்கு 22 விழுந்துச்சு, ஏன்னா அவன் எழுத்து முத்து முத்தா இருக்கும் 😂

லேப் மிஸ்:

நான் அம்பை பக்கம் ஒரு காலேஜ்ல கெஸ்ட் லெக்சரரா இருக்கேன், இந்த பேப்பர்தான் எடுக்கேன், அதனால மிஸ் ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கேன்.

எக்ஸெல் ஃபைல் கைக்கு வந்ததும் நான் தாள்ல இருக்க விடையப் பாக்க மாட்டேன். நெட் சம்பளம் இருக்க கட்டத்துல போய் கிளிக் பண்ணுவேன். மேல ஃபார்முலா பார்ல சமக்குறி போட்டு ஒரு ஃபார்முலா தெரியணும். அங்கயும் வெறும் 14,400ன்னு எண்ணே தெரிஞ்சா, அது கால்குலேட்டர்ல போட்டு இங்க டைப் பண்ணது. அடுத்து டிஏ 20 சதவீதம்னு இருக்க கட்டத்த 22ஆ மாத்துவேன். 12,000 பேசிக்குக்கு 2,400 இருந்தது தானா 2,640 ஆகி, கீழ மொத்தம் வரைக்கும் மாறிட்டே போகணும். உன் ஷீட்ல டிஏவ மாத்துனா ஒண்ணும் அசையாது, பழைய சம்பளம் அப்பிடியே நிக்கும். விடை இன்னைக்குச் சரி, அடுத்த மாசம் டிஏ ஏறுனா மொத்தப் பட்டியலையும் திரும்ப அடிக்கணும், அதுக்கு எதுக்கும்மா எக்ஸெல்லு?

நான் 10க்கு போடுற கணக்கு இது: ஃபார்முலாவுக்கு 4, எண்ண மாத்துனா விடை மாறுதான்னு பாத்து 2, பாக்க ஒழுங்கா இருந்தா 2, ஒரே பக்கத்துல அடங்குற மாதிரி பிரிண்ட் எடுத்தா 1, சொன்ன நாள்ல குடுத்தா 1. இதுல உனக்கு கடைசி மூணும் முழுசா வந்துருக்கும், கூட்டிப் பாரு 4. உங்க மிஸ்ஸும் ஏறக்குறைய இப்பிடித்தான் பிரிச்சிருப்பாங்க, ஆனா அத ஒரு தாள்ல எழுதி மொதல்லயே போர்டுல ஒட்டிருக்கணும், அது அவங்க பக்கத்துக் குறைதான். போய்க் கேளு, மார்க் பிரிச்சதக் காட்டுங்க மிஸ்னு மரியாதையா கேட்டா யாரும் கடிச்சிர மாட்டாங்க.

இன்னொன்னும் சொல்லிருதேன், ஃபார்முலாவ கீழ இழுக்கும்போது பி1ங்கிற கட்டத்துல வச்ச டிஏ சதவீதம் அடுத்த வரில பி2, அதுக்கும் அடுத்து பி3ன்னு நழுவிப் போயிரும். மொத ஆளுக்கு மட்டும் சரியா வந்து மத்தவங்களுக்கு சைபர் வந்தா காரணம் இதுதான். பி1ன்னு போட்ட இடத்துல கர்சர வச்சு எஃப்4 அமுக்குனா எழுத்துக்கு முன்னாடியும் எண்ணுக்கு முன்னாடியும் டாலர் குறி விழும், அதுக்கப்பறம் நழுவாது. மொத வருசத்துல பாதிப்பேருக்கு மார்க் போறது இந்த டாலர் குறிலதான்.

தச்சை மாப்ளைக்கு, நீங்க சொல்லுதது நடக்குதுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெக்கார்டு மட்டும் பாத்து மார்க் போடுற ஸ்டாஃப் இருக்காங்க. ஆனா பிராக்டிகலுக்கு வெளில இருந்து ஒருத்தர் வருவார், அவருக்கு உங்க முத்து முத்தான எழுத்து தெரியாது, சிஸ்டத்த ஆன் பண்ணுன்னுதான் சொல்லுவார்.

தச்சை மாப்ள:

அது சரி மிஸ் 🙏 ஆனா ஃபைல் காப்பி அடிச்சா எப்பிடி கண்டுபிடிக்காவ? சும்மா ஒரு தகவலுக்குத்தான்.

லேப் மிஸ்:

ஃபைல தொறந்து இன்ஃபோல பாத்தா யாரு உருவாக்குனது, கடைசியா யாரு சேவ் பண்ணதுன்னு பேர் நிக்கும். வேற வேற ஆளு குடுத்த ஃபைல்ல எல்லாம் ஒரே ஆளு பேர் இருந்தா மேல சொல்லணுமா? லேப்ல எல்லா சிஸ்டத்துக்கும் ஒரே பேர் இருந்தா மட்டும் அது செல்லாது. அப்ப வாய்வால, அதாவது நேர்ல உக்கார வச்சு கேள்வி கேட்டாலே தெரிஞ்சிரும்.

பேட்டை பாலன்ஸ்ஷீட்டு:

தங்கச்சி, நான் வண்ணார்பேட்டைல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேல பாக்கேன், நானும் பிகாம்தான். மிஸ் சொன்னது அப்பிடியே உண்மை, ஆனா தியரில இவிய கேக்குறதுல எனக்கு ஒடன்பாடு கெடையாது. எக்ஸெல்ல மொத்தம் எத்தன வரின்னு ஒரு மார்க் கேள்வி, 10,48,576ன்னு மனப்பாடம் பண்ணச் சொல்லுதாவ, கடைசி நெடுவரிசைக்கு பேரு எக்ஸ்எஃப்டின்னு. ஆபீஸ்ல ஒருத்தரும் அத இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டதே இல்ல. ஆனா சொல்லித் தராத ரெண்டு விசயம் தெனம் கழுத்தறுக்கும்.

ஒண்ணு, கடக்காரர் அண்ணாச்சி கொண்டாந்து குடுக்க ஷீட்ல தொகைய ரூ.4500ன்னு எழுத்தோட சேத்து அடிச்சிருப்பாவ. எக்ஸெல் அத எண்ணாவே எடுக்காது, சம்ங்கிற கூட்டல் ஃபார்முலா போட்டா அந்த வரிய விட்டுட்டுக் கூட்டிரும், எரர் கூட வராது. பாக்கதுக்கு ஒரு வழி, எண்ணு கட்டத்துக்குள்ள வலது பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடது பக்கம் போயிரும். அலைன்மெண்ட்ட கைவச்சு மாத்தாத ஷீட்ல இத வச்சே கண்டுபிடிச்சிரலாம். ரெண்டு, பைசா. மூணு வரில 10.40 இருக்குன்னு வையி, தசமத்த மறைச்சா 10, 10, 10ன்னு தெரியும், கீழ மொத்தம் மட்டும் 31ன்னு காட்டும். பார்ட்டி போன் போட்டு ஏன்டே உங்க கம்ப்யூட்டருக்கு கூட்டத் தெரியலயான்னு கேப்பாவ. மறைக்கது வேற, ரவுண்டு பண்ணுறது வேற, அதுக்கு ரவுண்டுன்னே ஒரு ஃபங்ஷன் இருக்கு.

டேலிலயும் இதே கததான். டிரையல் பேலன்ஸ்ல பற்று, வரவு ரெண்டு பக்கமும் ஒத்துப்போச்சுன்னா முடிஞ்சதுன்னு எந்திரிச்சிராத. கடைக்கு நாற்காலி வாங்குன பணத்த பர்ச்சேஸ் கணக்குல போட்டாலும் டேலி ஒத்துத்தான் போகும், லாபம்தான் கொறஞ்சு காட்டும். கையில இருக்க பணத்த பேங்க்ல போட்டா அது எஃப்4 கான்ட்ரா, எஃப்5 பேமெண்ட் இல்ல. சரக்கு வாங்கிட்டு வந்த வண்டி வாடக டைரக்ட் செலவு, வித்துட்டு அனுப்புன வண்டி வாடக இண்டைரக்ட் செலவு, மாத்திப் போட்டா கிராஸ் பிராஃபிட் (மொத்த லாபம்) தப்பாயிரும். வாய்வால இதத்தான் தோண்டித் தோண்டிக் கேப்பாவ.

முக்கூடல்காரி:

மிஸ், அண்ணன், ரொம்ப தேங்க்ஸ். அந்த 4 எங்கருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் வெளங்குது. ஆனா எனக்கு இன்னும் கொஞ்சம் கோவம்தான், இத மொதல்லயே சொல்லிருந்தா கால்குலேட்டர எதுக்கு எடுக்கப் போறேன், கிளாஸ்ல நெறைய பேர் எங்கள மாதிரி கிராமத்துலருந்து வாறவங்கதான். சரி, போன்ல இத பழக முடியுமா? தியரிய தமிழ்ல எழுதலாமா?

லேப் மிஸ்:

கோவம் நியாயம்தான்மா. போன்ல எக்ஸெல் ஆப் இருக்கு, கூகுள் ஷீட்ஸும் இருக்கு, ஃபார்முலா ரெண்டுலயும் ஓடும், காசு கெடையாது. டாலர் குறிய கைல டைப் பண்ணிக்கோ. டேலிக்கு மட்டும் சிஸ்டம் வேணும். எஜுகேசனல் மோடுன்னு ஒண்ணு லைசென்ஸ் இல்லாமலே வேல செய்யும், ஆனா அதுல மாசத்துல 1, 2 மாதிரி ஒருசில தேதில மட்டும்தான் எண்ட்ரி போட விடும். 15ஆம் தேதிக்குப் போட்டு ஏத்துக்க மாட்டேங்குன்னு பயந்துராத. காலேஜ்ல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல லேப் தொறந்திருக்குமான்னு லேப் அசிஸ்டெண்ட்ட கேட்டுப் பாரு, சாயங்காலம் பஸ்ஸும் போகாது.

தமிழ்ல எழுதுறத ஹெச்ஓடிட்ட (துறைத் தலைவர்ட்ட) இப்பவே கேட்டுரு, ஆட்டோனமஸ் (தன்னாட்சி) காலேஜ்னா அவங்க முறை தனி. விட்டாங்கன்னா வெளக்கத்த தமிழ்ல எழுதி, மெனு பேரு, ஃபங்ஷன் பேர மட்டும் ஸ்கிரீன்ல இருக்க மாதிரியே இங்கிலீஷ்ல எழுது. அதையும் கட்டம், கூட்டல்னு மொழிபெயர்த்து வச்சா திருத்துறவங்களுக்கு புரியாது.

பேட்டை பாலன்ஸ்ஷீட்டு:

அப்பிடியே டைப்ரைட்டிங்கும் சேந்துக்கோ தங்கச்சி, டிஎன்பிஎஸ்சி டைப்பிஸ்ட் வேலைக்கு சிஓஏன்னு ஆபீஸ் ஆட்டோமேசன் கம்ப்யூட்டர் சர்டிபிகேட் கேக்காவ, அதுல வாறதும் இதே வேர்டு எக்ஸெல்தான், ஒரு தடவ படிச்சது ரெண்டு எடத்துல ஆகும்.

தச்சை மாப்ள:

எல்லாம் சரி அண்ணே, எங்க லேப்டாப்ல எஃப்4 அமுக்குனா டாலர் வரமாட்டேங்கு, சத்தம்தான் கொறையுது.

பேட்டை பாலன்ஸ்ஷீட்டு:

எஃப்என் (Fn) கீயையும் சேத்து அமுக்குலே.