ஜிஎல்பிஐ டாஷ்போர்டு: எஸ்க்யூஎல்லில் மாற்றுவது சரியா?

நைட்ஷிஃப்ட்:
ஜிஎல்பிஐயில் (ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளைக் கையாளும் மென்பொருள்) ஆளுக்கொரு டாஷ்போர்டு, அதாவது சுருக்கத் திரை, கேட்கிறார்கள். டெக்னீஷியனுக்குக் கெடு தாண்டிய டிக்கெட்டுகள், சூப்பர்வைசருக்கு மொத்தக் கணக்கு. 9.5 பதிப்பில் (2020) டாஷ்போர்டு வந்ததிலிருந்து முக்கியமானதெல்லாம் டேட்டாபேஸில் மூன்று டேபிளில் இருக்கிறது: டாஷ்போர்டு, அதன் கார்டுகள் (திரையில் தெரியும் கட்டங்கள்), ரைட்ஸ் (யார் பார்க்கலாம் என்பது). ரைட்ஸ் டேபிளில் டாஷ்போர்டு எண், வகை 'ப்ரொஃபைல்', ப்ரொஃபைல் (ஒரு வகை யூசருக்கான உரிமைத் தொகுப்பு) எண் என்று எஸ்க்யூஎல்லில், அதாவது டேட்டாபேஸ் மொழியில், ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. மவுஸைப் பிடித்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

எலிப்பொறி:
ரைட்ஸ் வரி சுலபம்தான். கார்டு டேபிளைத் திறந்து பாருங்கள். எக்ஸ், ஒய், அகலம், உயரம் வரை தனித்தனி நெடுவரிசை. நிறம், விட்ஜெட் வகை (எண்ணா, வரைபடமா) எல்லாம் ஜேசன் என்ற எழுத்து வடிவில் ஒரே டெக்ஸ்ட் நெடுவரிசையில். ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனாலும் டேட்டாபேஸ் வாயே திறக்காது. ஃபாரின் கீயும் (வேறு டேபிளில் அந்த எண் உண்டா என்று பார்க்கும் கட்டுப்பாடு) கிடையாது. இல்லாத ப்ரொஃபைல் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள், சமர்த்தாக வாங்கி வைத்துக்கொள்ளும்.

நைட்ஷிஃப்ட்:
கார்டைக் கையால் எழுத நான் என்ன பைத்தியமா? திரையில் ஒன்றை அடுக்கிவிட்டு வரிகளை நகலெடுப்பேன்.

எலிப்பொறி:
நகலெடுக்க அங்கேயே பட்டன் இருக்கிறது. பகிரவும் இருக்கிறது: ப்ரொஃபைல், குரூப், என்டிட்டி (நிறுவனத்தின் ஒரு பிரிவு), தனி யூசர், எது வேண்டுமானாலும்.

நைட்ஷிஃப்ட்:
ஒரே சர்வர் என்றால் பட்டன் போதும். டெஸ்ட் சர்வரில் செய்ததை லைவுக்குக் கொண்டுபோக? அங்கேயும் உட்கார்ந்து கிளிக் செய்யவா?

டிக்கெட்_தாத்தா:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள், தம்பிகளா. ரைட்ஸ் வரி போட்டால் டாஷ்போர்டு பட்டியலில் தெரியும், அவ்வளவே. லாகின் செய்ததும் எது திறக்கும் என்பது பொது அமைப்பின் இயல்பு மதிப்பையும், யூசர் தன் விருப்பத்தில் வைத்திருப்பதையும் பொறுத்தது. அப்புறம், டாஷ்போர்டு பார்க்கும் பொது உரிமையே ப்ரொஃபைலில் இருந்தால் ரைட்ஸ் டேபிளை அது மதிக்கவே மதிக்காது. தனிப்பட்டவை தவிர மற்றதெல்லாம் தெரியும். சூப்பர்வைசரின் கணக்கு டெக்னீஷியனுக்குத் தெரியக் கூடாது என்றால் முதலில் ப்ரொஃபைலைச் சரிசெய்யுங்கள். எஸ்க்யூஎல்லா பட்டனா என்பதெல்லாம் பிறகு.

எலிப்பொறி:
நான் சொல்ல வந்ததும் இதுதான் தாத்தா. நேரே டேபிளுக்குள் போகிறவர் ப்ரொஃபைல் பக்கத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

நைட்ஷிஃப்ட்:
சரி, பொது உரிமையை எடுத்துவிடுகிறேன். ஆனால் ரைட்ஸ் ஸ்கிரிப்டில்தான் போகும். ப்ரொஃபைல் எண் சர்வருக்குச் சர்வர் மாறலாம் என்பதால் பெயரை வைத்துத் தேடி எடுத்து எழுதுகிறேன். அப்போது உங்கள் ஃபாரின் கீ புகார் போச்சு.

எலிப்பொறி:
கார்டு ஜேசன்?

நைட்ஷிஃப்ட்:
அதைத் தொட மாட்டேன்.

எலிப்பொறி:
அப்படியென்றால் எனக்குச் சண்டை இல்லை. அப்கிரேடுக்கு முன்னால் அந்த மூன்று டேபிளையும் டம்ப் (காப்பு நகல்) எடுத்து வையுங்கள்.