மெஷின் ஷாப்பில் யாரும் யோசனை சொல்ல முன்வருவதில்லை, என்ன செய்யலாம்?

அம்பத்தூர் சூப்பர்வைசர்:
அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஆட்டோ பாகங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் சிஎன்சி லேத்தும் விஎம்சியும்தான் அதிகம். எம்.டி. "நம்ம ஆட்களிடமிருந்து புது யோசனைகள் வரணும்" என்று வருகை பதியும் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒரு யோசனைப் பெட்டி வைத்தார். மாதத்தின் சிறந்த யோசனைக்கு 500 ரூபாய் பரிசு. பெட்டியைத் திறந்தால் கேன்டீன் சாம்பாரும் பாத்ரூம் தாழ்ப்பாளும்தான் வருகின்றன. ஆனால் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் அதே பையன்கள் "பீஸைப் பிடித்து வைக்கிற இந்த ஃபிக்ஸ்ச்சரில் ஒரு பின் மாற்றினால் செட்டிங் நேரம் பாதியாகும்" என்று பேசுவதை என் காதாலேயே கேட்கிறேன். அந்தப் பேச்சை உள்ளே கொண்டுவருவது எப்படி?

பாடி ரிட்டயர்டு:
தம்பி, முதலில் அந்தத் தாழ்ப்பாளை மாற்றுங்கள். நாளைக்கே. எழுதிப் போட்டால் யாராவது படிக்கிறார்களா என்று ஆட்கள் பார்க்கிறார்கள். தாழ்ப்பாளுக்கே பதில் இல்லையென்றால் ஃபிக்ஸ்ச்சரைப் பற்றி எவன் எழுதுவான்?

நான் ப்ரொடக்‌ஷனில் இருந்த ஒரு தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஆபரேட்டர், பர் (வெட்டிய ஓரத்தில் நிற்கும் பிசிறு) எடுக்கும் வேலையைத் தனியாகச் செய்யாமல், மெஷின் அடுத்த பீஸை ஓட்டும் நேரத்திலேயே முடிக்க ஒரு ஸ்டாண்ட் செய்தார். வெல்டிங் ஷாப்பில் கிடந்த துண்டு ஆங்கிளில் அவரே செய்தது. அருமையான வேலை. மேனேஜ்மென்ட் கைதட்டி, போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியது. அடுத்த மாதம் அந்த மெஷினுக்கு டார்கெட்டை ஏற்றிவிட்டார்கள். அவருக்கும் ஏறியது, மற்ற ஷிஃப்டில் அதே மெஷின் ஓட்டியவர்களுக்கும் ஏறியது. கூட வேலை செய்தவர்களே அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அந்த லைனில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் அது. மூளை இல்லாத ஆட்கள் இல்லை அவர்கள், சொன்னால் நஷ்டம் என்று தெரிந்துகொண்டவர்கள்.

தர நிபுணர் டெமிங் மேனேஜ்மென்ட்டுக்குச் சொன்ன 14 அம்சங்களில் எட்டாவது, பயத்தை விரட்டுவது. நம்ம பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு 1998-இல் அவர் பெயரில் தரத்துக்காகக் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதல் கம்பெனி. டொயோட்டா யோசனைத் திட்டத்தை 1951-லேயே தொடங்கிவிட்டது. அங்கே லைனில் கோளாறு தெரிந்தால் தொழிலாளியே கயிற்றை இழுக்கலாம், டீம் லீடர் ஓடி வருவார். இழுத்தவனைத் திட்டினால் மறுநாள் யார் இழுப்பார்கள்?

பெட்டியை எடுத்துவிடுங்கள். மெஷின் பக்கத்தில் போய் நின்று, "இதில் உனக்கு எரிச்சல் தருவது எது?" என்று கேளுங்கள். யோசனை கேட்டால் கூச்சப்படுவார்கள், எரிச்சலைக் கேட்டால் கொட்டுவார்கள். ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிடுங்கள். முடியாது என்றால் ஏன் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

திருமுடிவாக்கம் விஎம்சி:
பெரியவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஆபரேட்டராக ஒன்று சேர்க்கிறேன். புதுசாக ஒன்றை ஓட்டிப் பார்த்து பீஸ் ரிஜெக்ட் ஆனால், அது எங்கள் பெயரில்தான் ஏறும். வெட்டும் முனையான இன்சர்ட் உடைந்தாலும் அப்படித்தான். சூப்பர்வைசர் சார், ட்ரையலுக்கு என்று தனியாக நேரமும், ஸ்கிராப்பில் போக வேண்டிய மெட்டீரியலும் ஒதுக்குங்கள். அந்த ரிஜெக்‌ஷனை ஆபரேட்டர் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்று, கான்ட்ராக்ட் ஆட்களையும் கேளுங்கள். லோடிங் பண்ணுகிறவனுக்குத்தான் எந்த இடத்தில் கை வலிக்கும் என்று தெரியும். அப்புறம், யோசனை யாருடையதோ அவர் பெயரையே எம்.டி.யிடம் சொல்லுங்கள். எங்கள் பழைய கம்பெனியில் எல்லாம் இன்ஜினியர் பெயரில்தான் மேலே போகும்.

பெரம்பூர் பாலா:
பெட்டியை எடுப்பது சரி, பரிசுத் தொகையை எடுக்க வேண்டாம். மாதக் கடைசியில் 500 ரூபாய் பெரிய தொகை. ஆனால் 'சிறந்த' ஒருவருக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். நடைமுறைக்கு வந்த ஒவ்வொரு யோசனைக்கும் சின்னத் தொகை கொடுங்கள்.

எங்கள் பக்கத்து ரயில் பெட்டி தொழிற்சாலை ஐசிஎஃப்பையே பாருங்கள். 2018-இல் ட்ரெயின் 18 என்ற ரயிலை சுமார் 18 மாதத்தில் கட்டி முடித்தார்கள். 2019 பிப்ரவரியில் அதுதான் வந்தே பாரத் என்ற பெயரில் டெல்லி–வாரணாசி ஓடத் தொடங்கியது. அப்போதைய ஜெனரல் மேனேஜர் சுதான்ஷு மணி அந்த முயற்சிக்கு முன்னால் நின்றார். மேலே அனுமதி வாங்குவது தலைவர் வேலை, கீழே இருப்பவன் தலையில் கட்டக்கூடாது.

அம்பத்தூர் சூப்பர்வைசர்:
எல்லோருக்கும் நன்றி. தாழ்ப்பாளுக்கு மெயின்டனன்ஸில் சொல்லிவிட்டேன். டார்கெட் விஷயம்தான் யோசனையாக இருக்கிறது. அது என் கையில் இல்லை, எம்.டி. கையில் இருக்கிறது. ஏற்றாதீர்கள் என்று எப்படிக் கேட்பது?

பாடி ரிட்டயர்டு:
என்றைக்குமே ஏற்றாதீர்கள் என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார், கஸ்டமர் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவது அவருக்கும் இருக்கிறது. ஆறு மாதம் பழைய டார்கெட், அதற்கு மேல் ஓடும் பீஸுக்கு இன்சென்டிவ், ஆறு மாதம் கழித்து ஆட்களோடு உட்கார்ந்து பேசித்தான் மாற்றம் என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்கி நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அது ஒட்டுகிறவரைக்கும் ஃபிக்ஸ்ச்சர் பின்னை மாற்றலாம் என்று டீக்கடையில் பேசிய அந்தப் பையனிடம் எதுவும் கேட்காதீர்கள்.