நிக்கிற காருக்கு என்ன பேட்டரி?

*பெருமாள்புரம் கார் குழு*

*சனிக்கிழமை*

ஏ பிளாக் சார் (காலை 6:48): அண்ணாச்சி, நம்ம போர்ஷே பாக்ஸ்டர் கார் பேட்டரி காலைல 12.14 வோல்ட் காட்டுது. ராத்திரி பூரா வண்டி பூட்டித்தான் கெடந்துச்சு. பேட்டரி மேல ஏஜிஎம், 70 ஏஎச், 760 ஆம்பியர்னு போட்டிருக்கு. நாலு வருசம் ஆச்சு. வண்டி மாசத்துல ரெண்டு தடவதான் வெளிய போகும். மாத்துறதுன்னா எது போடலாம்? லித்தியம் சரிவருமா?

பேட்டரி அண்ணாச்சி (6:55): சார், கடைக்கு வந்து காசக் குடுக்கதுக்கு முன்னால ரெண்டு விசயம் பாத்துருவோம். ஏஜிஎம்னா ஆசிட்டக் கண்ணாடி நார்ல ஊற வச்சு மூடுன காரீய பேட்டரி. நல்ல ஏஜிஎம் முழு சார்ஜ் ஏறி ஒரு ராத்திரி சும்மா கெடந்தா 12.8க்கு மேல நிக்கணும். சாதா ஆசிட் பேட்டரின்னா 12.6. உங்களது 12.14, பாதிக்கும் கீழ எறங்கிட்டு. ஆனா காலியா இருக்கது வேற, கெட்டுப் போனது வேற.

பேட்டரி அண்ணாச்சி (6:56): முழுசா சார்ஜ் ஏத்தி, எடுத்து ஒரு ராத்திரி விட்டு, அப்புறம் டெஸ்டர் வச்சுப் பாத்தாத்தான் தெரியும். காலி பேட்டரில டெஸ்டர் வச்சா எல்லாமே "மாத்து"ன்னுதான் காட்டும்.

ஒயரிங் தம்பி (7:03): சார், பானட்டத் தொறந்த உடனே அளந்தியளா? தொறந்ததும் வண்டி முழிச்சிக்கிடும். உள்ள நாலஞ்சு கம்ப்யூட்டர் ஓடும்போது கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும். அர மணி நேரம் கழிச்சு, கதவு எதையும் தொடாம இன்னொருக்க பாருங்க.

ஏ பிளாக் சார் (7:41): இப்பம் 12.19.

ஒயரிங் தம்பி (7:44): அப்பம் ஒழுக்கு, அதான் நிக்கிற வண்டி சும்மா குடிக்குற கரண்டு, எவ்ளோன்னு பாக்கணும். ஒழுக்கப் பாக்காம புது பேட்டரி போட்டா அதுவும் இதே கதிதான். மீட்டர் இருக்குல்லா? செய்முற சொல்லுதேன், அப்படியே செய்யுங்க.

ஒயரிங் தம்பி (7:49): பானட் பூட்டுல ஒரு கொக்கி இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால அத மூடுன மாதிரி திருப்பி விடுங்க, ‘டிக்’னு விழும். கதவத் தொறந்து வச்சு வேல பாத்தா கதவுக் கொக்கியவும் அப்படியே. வண்டி எல்லாம் மூடியாச்சுன்னு நெனச்சுக்கிடும். சாவிய வண்டிப் பக்கமே கொண்டுவராதீங்க, வீட்டுக்குள்ள இருக்கட்டும். மீட்டர்ல செவப்பு ஒயர 10 ஆம்பியர் ஓட்டைல மாட்டணும். வோல்ட் ஓட்டைல வச்சா ஒண்ணுமே காட்டாது, சின்ன ஆம்பியர் ஓட்டைல வச்சா மீட்டர் ஃப்யூஸ் போயிரும்.

ஒயரிங் தம்பி (7:52): நெகட்டிவ் கேபிள 10 நம்பர் ஸ்பேனரால லூஸ் பண்ணுங்க, கழட்டிராதீங்க. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மேல துருத்திட்டு நிக்கிற நெகட்டிவ் போஸ்ட்ல, இன்னொரு முனைய கேபிள் கிளாம்புல கவ்வ விட்டுட்டு, அதுக்கப்புறம் கிளாம்ப மெதுவா மேல உருவுங்க. கரண்டு ஒரு நொடி கூட அத்துப்போகாம மீட்டர் வழியா போகும். அத்துப்போச்சுன்னா எல்லாம் மறுபடி முழிச்சிரும், மொதல்லருந்து காத்துக் கெடக்கணும். மீட்டர் மாட்டியிருக்கையில சாவியப் போட்டுத் திருப்பிராதீங்க.

ஒயரிங் தம்பி (7:53): மொதல்ல சில ஆம்பியர் காட்டும், பயப்படாதீங்க. வண்டி ஒண்ணொண்ணா தூங்கப் போகும். அரை மணி, முக்கா மணி பொறுங்க. கடைசில 50 மில்லி ஆம்பியருக்குள்ள வந்து நிக்கணும்.

காலேஜ் மேடம் (8:10): தம்பி சொல்லுத 50 மில்லி ஆம்பியரே நெறையதான். ஏஎச்ங்கது ஆம்பியர மணியால பெருக்குறது, 24 மணி நேரத்துக்கு 1.2 ஏஎச். 70 ஏஎச் பேட்டரில பாதி போக ஒரு மாசம் போதும். இதுபோக பேட்டரி தானா எறங்குறது தனி. வெப்பம் 10 டிகிரி கூடுனா அது கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும். அக்னி நட்சத்திரத்துல தகர ஷெட்டுக்குள்ள நிக்கிற வண்டிய நெனச்சுப் பாருங்க.

ஏ பிளாக் சார் (9:34): தம்பி, 0.19ல வந்து நின்னுட்டு. கால் மணி நேரமா அசையல.

ஒயரிங் தம்பி (9:36): 190 மில்லி ஆம்பியர். ஒரு நாளைக்கு நாலரை ஏஎச். முழு பேட்டரியும் எட்டு நாள்ல பாதியாயிரும். ஃப்யூஸப் பிடுங்கிப் பாக்காதீங்க, ஒண்ணப் பிடுங்கி மாட்டுனா இன்னொண்ணு முழிச்சிரும். ஒவ்வொரு ஃப்யூஸ் முதுகுலயும் ரெண்டு சின்ன உலோகப் புள்ளி இருக்கும். மீட்டர மில்லி வோல்ட்ல வச்சு ரெண்டையும் தொடுங்க. பூஜ்யமா இருந்தா அந்த லைன் தூங்குது. ஏதாவது எண் வந்தா அதுல கரண்டு ஓடுதுன்னு அர்த்தம். அதுக்கு முன்ன ஒண்ணு, வெளிய வாங்கி மாட்டுன சாமான் எதுவும் இருக்கா? கேமரா, ஜிபிஎஸ், மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற ஓபிடி ஓட்டைல சொருகுன பெட்டி?

ஏ பிளாக் சார் (9:40): டேஷ் கேமரா. பார்க்கிங்லயும் ஓடும்.

ஒயரிங் தம்பி (9:41): அத உருவிட்டுப் பாருங்க.

ஏ பிளாக் சார் (10:28): 0.038

பேட்டரி அண்ணாச்சி (10:30): ஆங், இது கணக்கு. 38 மில்லி ஆம்பியர்னா நாளைக்கு ஒரு ஏஎச்சுக்கும் குறைவு. கேமரா வேணும்னா தனியா ஒரு சின்ன பேட்டரி வச்சு அதுல ஓட விடுங்க. நிக்கிற வண்டில மெயின் பேட்டரிய அது தொடவே கூடாது.

சி பிளாக் தம்பி (11:05): அண்ணாச்சி, சார் லித்தியம் கேட்டாவல்லா? போர்ஷே கம்பெனியே 2010 மாடல் ஜிடி3 ஸ்போர்ட்ஸ் காருக்கு லித்தியம் குடுத்தாவ. 6 கிலோவுக்குள்ளதான், சாதா பேட்டரிய விட 10 கிலோவுக்கு மேல கொறைவு. தானா எறங்குறதும் ரொம்பக் கம்மி. நிக்கிற வண்டிக்கு அதுதானே நல்லது?

பேட்டரி அண்ணாச்சி (11:14): தம்பி, எட சங்கதி சரிதான். ஆனா அந்த 6 கிலோ பேட்டரிக்குள்ள இருந்தது 18 ஏஎச். வண்டிய ஸ்டார்ட் பண்ண அது தாராளம், ஏன்னா ஸ்டார்ட் பண்ண உண்மைல செலவாகுறது கொஞ்சம்தான். 200 ஆம்பியர் ரெண்டு நொடி இழுத்தாலும் கால் ஏஎச் கூட ஆகாது. நிக்கையில ஒழுகுறதுதான் பெருசு. சாரோட ஒழுக்கு நாளைக்கு ஒரு ஏஎச்னா 18 நாள்ல லித்தியம் காலி, உள்ள இருக்க பாதுகாப்பு சர்க்யூட் தன்னால அணைச்சிரும். ஏஜிஎம் 18 நாள்ல முக்கா வாசி இருக்கும். தானா எறங்குற வேகத்துக்கும் வண்டி குடிக்கதுக்கும் சம்பந்தமில்ல.

காலேஜ் மேடம் (11:20): சூடும் இருக்கு. லித்தியத்த முழு சார்ஜ்ல வெயில்ல வச்சா ஆயுசு கொறையும். காரீயத்துக்கு நேர்மாறு, எப்பவும் நெறஞ்சே இருக்கணும். ரெண்டும் ரெண்டு குணம்.

பேட்டரி அண்ணாச்சி (11:23): ட்ராக்குல ஓட்டுதவங்களுக்கு 10 கிலோ பெருசு, லித்தியம் போடட்டும். அவங்க லித்தியம் மோட் உள்ள சார்ஜரும் வாங்கணும். பாளையங்கோட்டைலருந்து நாங்குநேரி போயிட்டு வார வண்டிக்கு நான் ஏஜிஎம்தான் குடுப்பேன். பழசு என்ன அளவோ அதே அளவு: 70 ஏஎச்னா 278 மி.மீ. நீளம், 175 அகலம், 190 உயரம். அடில பிடிக்கிற கிளாம்பு சரியா ஒக்காரணும், போஸ்ட் எந்தப் பக்கம்னு பாக்கணும். 760ங்கது மைனஸ் 18 டிகிரி குளிர்ல குடுக்குற ஆம்பியர். நம்ம ஊருக்கு அத விடக் கூட உள்ளதத் தேடிக் காசு போட வேண்டாம், கொறையாம இருந்தாப் போதும்.

பேட்டரி அண்ணாச்சி (11:26): யாரு கடைல வாங்குனாலும் மீட்டரக் கையில கொண்டு போங்க. புது ஏஜிஎம் 12.7க்குக் கீழ காட்டுனா அது கடைல ரொம்ப நாள் தூங்குன சரக்கு, வேண்டாம்னுருங்க. தயாரிச்ச தேதிக் குறியீட்டப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. ஆழமா காலியாகி கெட்டுப் போனதுக்கு வாரண்டி பொதுவா கெடைக்காது, அதுனால வாங்குற அன்னைக்கே சரியா வாங்கணும்.

ஏ பிளாக் சார் (11:40): வாரத்துக்கு ஒருக்க பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதாதா?

காலேஜ் மேடம் (11:52): போதாது சார். கெடுதலும் கூட. பேட்டரி எறங்கும்போது ரெண்டு தட்டுலயும் காரீய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏத்துனா கரைஞ்சிரும். வாரக்கணக்குல விட்டா பெரிய படிகமா இறுகிப் போகும். சோத்துப் பானைல உடனே தண்ணி ஊத்துனா கையால கழுவிரலாம், காய விட்டா சொரண்டத்தான் வேணும், அது மாதிரி. 80 சதவீதம் வர சார்ஜ் சீக்கிரம் ஏறும். கடைசி 20க்கு மணிக்கணக்குல ஆகும், எவ்ளோ பெரிய ஆல்டர்னேட்டர் வச்சாலும் அவசரப்படுத்த முடியாது. பத்து நிமிச ஐடில்ல அந்தக் கடைசிப் பங்கு ஏறவே ஏறாது.

ஒயரிங் தம்பி (11:55): இஞ்சினும் சூடேறாது. சைலன்சருக்குள்ள தண்ணி கோக்கும், ஆயில்ல ஈரம் தங்கும். ஓட்டுனா அர மணிக்கு மேல ஓட்டுங்க, இல்லன்னா தொடாதீங்க. சார்ஜர் போட்டு வைங்க.

ஏ பிளாக் சார் (மதியம் 12:10): எந்த சார்ஜர்?

பேட்டரி அண்ணாச்சி (12:18): தானியங்கி சார்ஜர், 5லருந்து 7 ஆம்பியர், ஏஜிஎம் மோட் உள்ளது. 14.7 வர ஏத்திட்டு, அப்புறம் 13.6 பக்கம் எறங்கித் தாங்கிப் பிடிக்கும். இன்வெர்ட்டர் கடைல தொங்குற பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜர் ஏஜிஎம்முக்கு வெசம். அது நிறுத்தாது. சாதா பேட்டரில தண்ணி கொதிச்சா ஊத்திக்கிடலாம், ஏஜிஎம்ல போன தண்ணி போனதுதான்.

காலேஜ் மேடம் (12:24): வெப்பத்துக்குத் தக்கன வோல்ட்டக் கொறைக்குற சார்ஜரா பாருங்க. 14.7ங்கது 25 டிகிரிக்குப் போட்ட கணக்கு. 40 டிகிரில கிட்டத்தட்ட 0.3 வோல்ட் கொறைக்கணும். இல்லன்னா வெயில் காலம் பூரா மெல்ல மெல்ல காய்ஞ்சு போகும்.

பேட்டரி அண்ணாச்சி (12:27): இன்னொண்ணு, இத யாரும் பெட்டில எழுத மாட்டாங்க. கரண்டு போயி வந்தா சார்ஜர் தானா விட்ட எடத்துலருந்து ஓடணும். சில சார்ஜர் கரண்டு வந்ததும் பட்டன அமுக்குற வர சும்மா ஒக்காந்திருக்கும். மாசாந்திரப் பராமரிப்புன்னு காலைல ஒம்பதுக்கு நிறுத்தி சாயந்தரம் விடுவாங்கல்லா, நீங்க ஊர்ல இல்லன்னா அன்னைக்கோட சார்ஜிங் நின்னு போச்சு. கடைலயே சொருகி, சுவிட்ச அணைச்சுப் போட்டுப் பாத்து வாங்குங்க.

ஒயரிங் தம்பி (12:33): கிளிப்ப மாட்டிக் கழட்டிக்கிட்டு இருக்க வேண்டாம் சார். வளையம் வச்ச ஒயர் வரும், ஃப்யூஸோட. செவப்ப பாசிட்டிவ் போஸ்ட்ல, கறுப்ப பாடில உள்ள எர்த் போல்ட்ல நிரந்தரமா மாட்டிருதேன். பிஎம்டபிள்யூ மாதிரி நெகட்டிவ்ல சென்சார் உள்ள வண்டிக்கு எர்த்துல மாட்டுறது கட்டாயம். நேரா போஸ்ட்ல மாட்டுனா ஏறுன சார்ஜ் வண்டிக்கே தெரியாது. அந்த வண்டிகளுக்கு புது பேட்டரி போட்டா ஸ்கேனர்ல பதிவும் பண்ணணும்.

சி பிளாக் தம்பி (12:40): ரீகண்டிஷன்னு ஒரு பட்டன் இருக்கே, அது சாரோட பழைய பேட்டரிய மீட்குமா?

பேட்டரி அண்ணாச்சி (12:43): அதுல 15.8 வோல்ட் வர போகும் தம்பி. வண்டில மாட்டியிருக்கையில அமுக்கவே கூடாது. ஏஜிஎம்முக்கு கம்பெனி சரின்னு சொன்னா ஒழிய வேண்டாம்.

கீழ்வீட்டு அக்கா (12:58): எங்க பழைய ஆம்னில சாதா பேட்டரிதான். அதுக்கு?

பேட்டரி அண்ணாச்சி (1:02): தட்டுக்கு மேல ஒரு வெரக்கட தண்ணி நிக்கணும்க்கா. சார்ஜ் ஏறுனதுக்கு அப்புறம் ஊத்துங்க, முன்னாடி ஊத்துனா பொங்கி வழியும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். தாமிரவருணித் தண்ணி குடிக்க அமிர்தம், பேட்டரிக்கு அந்த உப்பு ஆகாது. போஸ்ட்ல வெள்ளையா பூத்திருந்தா வெந்நீர்ல ஆப்பசோடா கலந்து கழுவித் தொடச்சிட்டு, இறுக்குன பெறகு வாசலின் தடவுங்க. திருச்செந்தூர், உவரிப் பக்கம் வண்டி நின்னா ரெண்டு மாசத்துக்கு ஒருக்க பாக்கணும்.

*திங்கட்கிழமை*

ஏ பிளாக் சார் (காலை 6:35): சனி சாயந்தரம் சார்ஜர் போட்டு, ஞாயிறு சாயந்தரம் எடுத்தேன். பச்ச வெளக்கு வந்துட்டு. இப்பம் 12.46.

பேட்டரி அண்ணாச்சி (6:41): 12 மணி நேரத்துல 12.46க்கு வந்துட்டா? ஒழுக்கு அர ஏஎச் கூட இருக்காது, இது பேட்டரியே பிடிக்காம விடுது. பத்து மணிக்கு டெஸ்டரோட வாரேன்.

பேட்டரி அண்ணாச்சி (10:22): 760ல 395தான் நிக்கி. ஸ்டார்ட் பண்ணும்போது 9.3க்கு விழுது. மாத்திருவோம் சார். கடைல இப்பம் அளந்து வச்சிருக்க புது ஏஜிஎம் 12.87. பழச நானே எடுத்துக்கிடுதேன், எக்ஸ்சேஞ்ச்ல கழிச்சுக்கிடலாம்.

ஒயரிங் தம்பி (10:30): நாளைக்கு காலைல ஏழு மணிக்கு மாத்திருவோம். நெகட்டிவ் மொதல்ல கழட்டணும், கடைசில மாட்டணும். பாசிட்டிவக் கழட்டையில ஸ்பேனர் பாடில தட்டுனாலும் பொறி வராது, அதுக்குத்தான். பக்கவாட்டுல வார ஆவிக் குழாயப் புது பேட்டரில மறக்காம சொருகணும். சார்ஜ் ஏறையில வார வாயு முன்பக்க பானட்டுக்குள்ள சாமான் வைக்கிற எடத்துல தங்கக் கூடாது. மாட்டி முடிச்சதும் ரெண்டு கண்ணாடியவும் மேல ஏத்தி பட்டனக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைங்க, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒருக்க திருப்புங்க.

ஏ பிளாக் சார் (10:34): வேற என்ன பாக்கணும்?

ஒயரிங் தம்பி (10:37): ராத்திரி சார்ஜர மாட்டியே வைங்க. பேட்டரி செத்துட்டா கதவத் தொறக்கையில கண்ணாடி கீழ எறங்காது, இழுத்துத் தொறந்தா மேல உள்ள ரப்பர் கிழியும். பானட்டும் கரண்டுலதான் தொறக்கும். அப்படி ஆயிட்டுன்னா, கால் வைக்குற எடத்துல உள்ள ஃப்யூஸ் பெட்டில ஒரு செவப்பு முனை இருக்கு, வெளிய இழுத்து, வேற பேட்டரிலருந்து அதுல பாசிட்டிவ், கதவுக் கொக்கில நெகட்டிவ் குடுத்து, ரிமோட்ல தொறக்கணும்.

ஒயரிங் தம்பி (10:38): நாளைக்கு நான் பழசக் கழட்டி வெளிய எடுத்த பெறகு யாரும் அந்த பானட்டக் கை வச்சு மூடிராம பாத்துக்கிடுங்க சார்.

ஏ பிளாக் சார் (10:40): வாச்மேன்கிட்டயும் சொல்லிருதேன்.