'ஆக்வாலங்': எந்தப் பதிப்பை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ஜெத்ரோ டல் 1971இல் வெளியிட்ட 'ஆக்வாலங்' இசைத்தட்டு, அப்பா வாங்கியது, என்னிடம் இருக்கிறது. 'லோகோமோட்டிவ் பிரெத்' பாட்டில் குழுவின் பியானோ கலைஞர் ஜான் எவன் மெதுவாகப் பியானோவைத் தொடங்கும் இடத்தில் ஒரு கீறல். ஊசி டக் டக்கென்று துள்ளுகிறது. எனக்கு உயிரான இடமே அதுதான். அப்புறம் மொத்தக் குழுவும் உள்ளே நுழையும்போது இன்றைக்கும் மயிர்க்கூச்செறியும்.

சரி, புதிதாக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய ஒலிக்கலவை கொஞ்சம் மங்கல். 2011இல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவை (ரீமிக்ஸ்) தெளிவு என்கிறார்கள். இரண்டையும் கேட்டவர்கள் சொல்லுங்கள்: தலைப்புப் பாடலில் மார்ட்டின் பாரின் கிதார் அந்த முரட்டுத்தனத்தை இழக்கவில்லையே? இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலில் இழுக்கும் மூச்சு கேட்கிறதா? கீறலுக்கு ஏதாவது வழி தெரிந்தாலும் சொல்லுங்கள், அப்பாவின் தட்டைக் கைவிட மனமில்லை.